போத்தல் கழுத்தில் கட்டிய துணி

ஆடிக்கொண்டிருக்கிறது அந்தத் துணிக்கீலம், குசினி யன்னல்கட்டில் வரிசையாக நிற்கும் சாராயப் போத்தல்களில் கடைசிப் போத்தலின் கழுத்தில், அத்தான் உடுத்த பழைய சாரத்திலிருந்து கிழித்த நீலக்கரைத் துண்டு, காற்று வந்தால் ஒருதரம் எழும்பும், பிறகு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், அதைக் கண்டால் போதும், மூடியைத் திறந்து மணந்து பார்க்கத் தேவையில்லை, உள்ளே இருப்பது மோட்டார்சைக்கிளுக்கு, விளக்குக்கு இல்லை, ஏனென்றால் மண்ணெண்ணெயும் அதே போத்தலில், பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயும் அதே போத்தலில், இரண்டும் பார்வைக்குத் தண்ணீர், அது கரவெட்டியில் மின்சாரம் என்ற சொல்லையே பிள்ளைகள் மறந்துபோன, போரில் எரிபொருளை வரவிடாத தடைக்காலம், பெற்றோலை மருந்துபோலச் சின்னக் குப்பியில் வாங்கினோம், மோட்டார்சைக்கிள்கூட மண்ணெண்ணெய் குடித்துத்தான் ஓடியது, குடித்துவிட்டு வெள்ளைப் புகையாக ஏப்பம் விட்டுக்கொண்டு, ஆனால் வெறும் மண்ணெண்ணெயில் அது லேசில் எழும்பாது, உதைத்து உதைத்து மனிதருக்குக் கால் வீங்கும், ஆகவே அக்காவைக் கட்டிய குணநாயகம் அத்தான் ஒரு போத்தலில் மட்டும் கொஞ்சம் பெற்றோல் கலந்து வைப்பார், கலந்த கையோடு துணியைக் கட்டுவார், கட்டிவிட்டு எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுக் காட்டுவார், அம்மா, அக்கா, நான், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்பதுபோல, துணி கட்டினது என்னத்துக்கு என்பார், மோட்டார்சைக்கிளுக்கு என்போம், அம்மா மட்டும் பதில் சொல்லாமல் அந்தத் துணியை விரலால் தடவிப் பார்ப்பாள், நல்ல நூல் துணி, போத்தலுக்கு என்னத்துக்குக் கண்டறியாத மாலை என்று முணுமுணுப்பாள், அம்மாவுக்கு எல்லாவற்றிலும் சிக்கனம், மண்ணெண்ணெயை நெய்போல வார்ப்பாள், ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து அது நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள் திரியைக் கோத்து, கம்பியில் கொளுவிப் போத்தலின் வாயில் தொங்கவிட்டால் நெல்லுமணி அளவு சுடர் வரும், அந்த நெல்லுமணியைச் சுற்றித்தான் எங்கள் படிப்பு, சாப்பாடு, சண்டை எல்லாம், எரிகிற விளக்குக்கு எண்ணெய் விடுகிறவள் வீட்டுக்கு உதவாதவள் என்பாள் அம்மா, சுடரை நூர்த்து, ஆறவிட்டு, பிறகுதான் வார்க்க வேண்டும், அம்மாவின் சட்டம் அது, அத்தானின் சட்டம் துணி, இரண்டு சட்டமும் ஒரே குசினிக்குள் ஒழுங்காகத்தான் இருந்தன.

மணக்கிறது, எங்கேயோ மண்ணெண்ணெய் மணக்கிறது, இது கரவெட்டிக் குசினி இல்லை, பாரிசுக்கு வெளியே லாக்கூர்நெவ்வில் ஐந்தாம் மாடி, வெளியே ஐந்து மணிக்கே இருட்டிவிட்ட மார்கழி, மாடிக்கட்டடத்தின் வெந்நீர்க் குழாய் எங்கேயோ வெடித்து எல்லா வீட்டு ரேடியேற்றரும் செத்துக் கிடக்கிறது, என் மகளின் கலியாணத்துக்கு ஊரிலிருந்து வந்த அக்கா மூன்று போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள், போர்வையால் அடங்குகிற நடுக்கம் இல்லை அது, எரிந்து ஆறிய தோல் குளிரில் இறுகும், கழுத்திலிருந்து வலது கை வரைக்கும் யாரோ பிடித்து முறுக்குவதுபோல இழுக்கும் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வருகிறார் இவர், என் கணவர், ஒரு கையில் யாரோ கூட்டாளியின் கராஜில் கிடந்த பழைய மண்ணெண்ணெய் ஹீற்றர், மற்றக் கையில் நீல நிறப் பிளாஸ்ரிக் கலன், முகத்தில் ஏதோ சந்திரனுக்குப் போய்வந்த பெருமை. உமக்கென்ன விசரா என்று கேட்டேன். நெருப்பை மடியிலே கட்டிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறார் மனிதர், அதுவும் என் வீட்டுக்குள், நெருப்புப்பெட்டியே இல்லாத வீடு இது, அடுப்பு மின்சாரம், சாமிப் படத்துக்கு முன்னால் எரிவதும் மின்சாரக் குமிழ், மகள் சின்னவளாக இருந்தபோது பிறந்தநாள் கேக்குக்குக்கூட மெழுகுதிரி ஏற்ற விட்டதில்லை, அவள் அழுவாள், நான் அசையமாட்டேன், சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது, சூடுபட்டது நான் இல்லை என்றாலும் கண்டது நான்தான்.

கண்டது கிணற்றடியிலிருந்து, நான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருக்கிறேன், பின்னேரம் மங்குகிற நேரம், கோயில் மணி கேட்கிறது, அத்தான் முற்றத்தில் சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போடுகிறார், அம்மா வேலிக்கரையில் ஆட்டுக்குக் குழை போடுகிறாள், விளக்கு ஏற்றப் போகிறன் என்று அக்காவின் குரல், அது முழுசாக இருந்த குரல், பிறகு உலகத்தில் யாருமே கேட்காத ஒரு சத்தம், பெரிய வெடியும் இல்லை, ஒரு பெரிய மூச்சை யாரோ இழுத்து விட்டதுபோல, குசினி யன்னல் முழுக்க மஞ்சள், நெல்லுமணி அளவு எரிய வேண்டியது கூரை அளவு எரிகிறது, அக்கா வெளியே ஓடி வருகிறாள், ஓடாதை மலர் ஓடாதை என்று கத்திக்கொண்டு அத்தான் பாய்கிறார், வாளியோடு நான் ஓடுகிறேன், கனவில் அந்த வாளி இன்றைக்கும் என் கையில் இருக்கிறது, கனவில் மட்டும் அதற்குள் தண்ணீருக்குப் பதிலாக மண்ணெண்ணெய் மணக்கும், நான் எறியவும் முடியாமல் ஊற்றவும் முடியாமல் நிற்பேன், ஆனால் அன்றைக்கு அது தண்ணீர்தான், அத்தான் அதைப் பறித்துச் சாக்கை நனைத்து அக்காவைச் சுற்றி நிலத்தில் உருட்டினார், அவருடைய உள்ளங்கைகளும் வெந்துபோயின என்று பிறகு யாரோ சொன்னார்கள், நான் அதைக் காதில் போடவில்லை, என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், சனம் கூடிக் குசினி நெருப்பை அணைத்துவிட்டது, அக்காவை ஏற்ற யாரோ லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் கொண்டுவரப் போய்விட்டார்கள், அம்மா மார்பில் அடித்துக்கொண்டு என்னண்டு நடந்தது, என்னண்டு நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அத்தான் குசினிக்குள் போனார், கொஞ்ச நேரம் நின்றார், திரும்பி வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னார், பிழை என்ர, எண்ணெயைக் கலந்துபோட்டுத் துணி கட்ட மறந்துபோனன். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லோடு அவர் எனக்கு அத்தானாக இருப்பது முடிந்துபோயிற்று. எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்து வாய்ப்பாடு கேட்டவர் அல்லவா, மற்றவன் மறந்தால் மன்னிக்கலாம், வாத்தியார் மறக்கலாமா, அக்காவின் கன்னம் மெழுகுபோல வழிந்து கழுத்தில் ஒட்டியபோது, அவளுடைய கை விரல்கள் இரண்டு சேர்ந்து ஒன்றாகியபோது, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்த அவள் வேலையை விட்டு வீட்டோடு இருந்தபோது, ஒவ்வொரு முறையும் நான் அந்த மனிதரைப் பார்ப்பேன், அவர் நிலத்தைப் பார்ப்பார், நான் கலியாணமாகி இங்கே வந்த பிறகு தொலைபேசி எடுத்தால் சில வேளை அவர் குரல்தான் வரும், பிள்ளை, சுகமாயிருக்கிறியே, நான் கேட்பேன், அக்கா நிக்கிறாவோ, இதுதான் எங்கள் இருவருக்கும் இடையே இத்தனை வருடப் பேச்சு, அத்தான் என்ற சொல்லை வாயில் எடுத்ததே இல்லை, அதைவிட அம்மாமீதுதான் எனக்குக் கோபம் கோபமாக வரும், ஊருக்குப் போகிற நேரம் பார்ப்பேன், மீன் குழம்பில் நடுத்துண்டு அவருக்குத்தான், பெற்ற பிள்ளைக்கு, வெளிநாட்டிலிருந்து போன எனக்கு, வால்துண்டு, மருமகன் என்ற மரியாதையாக்கும் என்று நான் குத்தலாகச் சொன்னால் அம்மா சட்டியைச் சுரண்டுவாள், இன்னொன்று, அந்த நாளுக்குப் பிறகு அம்மா தன் கையால் ஒரு திரி திரித்தது கிடையாது, கண் மங்கிப்போச்சு, நீ திரி என்பாள், ஊசிக்கு நூல் கோக்க மங்காத கண், எனக்கு அப்போது அது தோன்றவில்லை, போன வருடம் அம்மா கண்ணை மூடினாள், என்னால் ஊருக்குப் போக முடியவில்லை, அவள் கடைசியாகக் கட்டியிருந்த பச்சைக்கரை நூல்சேலையை அக்கா எனக்கென்று பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தாள், மடிப்புக் குலையாமல் அலுமாரியில் இருக்கிறது, முகத்தில் வைத்தால் இன்னும் அம்மா மணக்கிறாள், அக்காவைக் கூப்பிட்டால் அந்த மனிதரும் வருவார் என்று தெரிந்தும்தான் கூப்பிட்டேன், வந்திருக்கிறார், மூலையில் ஒரு கதிரை அவருக்கு, தேத்தண்ணி கொடுக்கிறேன், சோறு போடுகிறேன், முகம் பார்ப்பதில்லை.

இப்போது அவர்தான் எழும்பி வருகிறார், ஹீற்றரைச் சுற்றிப் பார்க்கிறார், வட்டத் திரியை உயர்த்தி நெருப்புக்குச்சி வைக்கிற பழைய வகை, என் கணவருக்கு அதன் தலையும் தெரியாது வாலும் தெரியாது, திரி நல்லாயிருக்கு, கரியைச் சுரண்டினால் எரியும், மலருக்கும் குளிர் விட்டுப்போகும் என்றார் அவர், பிறகு அந்த நீலக் கலனைத் தூக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், பெயர் ஒட்டியிருந்த தாள் உரிந்து பசை மட்டும் இருந்தது, மூடியைத் திறந்து மணந்தார், என்ன எண்ணெய் எண்டு ஆர் சொன்னது என்று கேட்டார், கூட்டாளி சொன்னவன், மண்ணெண்ணெய்தானாம் என்றார் இவர், அவர் மூடியை இறுக்கிப் பூட்டிவிட்டு, எழுத்தில்லாத எண்ணெயை நான் விடமாட்டன் தம்பி, கராஜில கிடந்தது எண்டுறியள், புல்லு வெட்டுற மெசினுக்குக் கலந்து வைச்சதோ ஆருக்குத் தெரியும், மூக்கை மட்டும் நம்பேலாது, கடையில பூட்டுடைக்காத கலன் ஒண்டு வாங்கி வாங்கோ என்றார், மெதுவாகத்தான் சொன்னார், அந்த மெதுதான் என்னைச் சுட்டது, இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்தது ஒரே உதையில் எழும்பிவிட்டது, துணி கட்ட மறந்த மனிசன் இப்ப எழுத்துப் பாக்கிறாராம், இந்த வீட்டில உங்கட கையால நெருப்பு வேண்டாம், ஒருக்கா வைச்சதே போதும் என்றேன். இவர் என்னைப் பார்த்தார், குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார், அவரோ கலனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குளிருக்குள் நின்றார், கண்ணாடிக்கு அப்பால் அவருடைய முதுகு, வயதாகிவிட்ட முதுகு.

இருடி இதில, என்றாள் அக்கா. போர்வைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுத்து என் கையைப் பிடித்தாள், ஒட்டிய விரல்கள், பனிக்கட்டி. அம்மாவின்ர முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான், அவர் விடேல்லை, செத்தவையைப் பற்றி என்னத்துக்கு எண்டவர், இண்டைக்கு நீ கதைச்சதைக் கேட்டுக்கொண்டு நான் இனிப் பேசாமல் இருக்கமாட்டன் என்றாள். நான் என்னவோ கேட்க வாயெடுத்தேன், பொறு என்று கையை இறுக்கினாள், அவள் சொல்லச் சொல்ல நான் மறுபடி அந்தக் குசினிக்குள் போகிறேன், இந்த முறை கிணற்றடியில் நிற்கவில்லை, உள்ளேயே நிற்கிறேன், மத்தியானம், சோறு வடித்த சூடு, அம்மா விளக்கைத் துடைக்கிறாள், திரி எரிந்து கட்டையாகிவிட்டது, பஞ்சு வாங்கக் கடையில் இல்லை, வீட்டில் இருந்த பழந்துணியெல்லாம் போன மாதமே திரியாகி எரிந்துவிட்டது, அம்மாவின் கண் யன்னல்கட்டுக்குப் போகிறது, நல்ல நூல் துணி, கடைசிப் போத்தல்தானே, எல்லாருக்கும் தெரியும்தானே, நாளைக்கு வேறு ஒன்று கட்டினால் போயிற்று, அவிழ்க்கிறாள், தொடையில் வைத்துத் திரிக்கிறாள், வால்வுக்குள் கோக்கிறாள், ஆடு கத்துகிறது, குழை போடப் போகிறாள், போனவள் சொல்ல மறந்துபோனாள், பின்னேரம் அக்கா வருகிறாள், மற்றப் போத்தல்கள் வெறுமை, ஒன்றில் மட்டும் எண்ணெய், கழுத்தில் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் விளக்குக்கு, அதுதானே சட்டம், வார்க்கிறாள், வார்த்த கையால் குச்சியை உரசுகிறாள். அவர் துணி கட்டினவர் என்றாள் அக்கா, அவர் ஒரு நாளும் மறக்கேல்லை, நான் கொளுத்தின திரிதான் அந்தத் துணி. அன்றைக்குக் குசினிக்குள் அவர் நின்றது அதற்குத்தான், உடைந்த கண்ணாடிக்குள் கம்பி கிடந்தது, வால்வுக்குக் கீழே எரியாமல் மிஞ்சிய நுனியில் நீலக்கரை, அதை எடுத்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துதான் பிழை என்ர என்று சொன்னார், ஆஸ்பத்திரியில் அக்காவுக்குக் காட்டினார், காட்டிவிட்டு, ஆரட்டையும் சொல்லாதை மலர், மாமி தாங்கமாட்டா, என்னை ஏசினால் நான் தாங்குவன் என்றாராம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டார்கள் இரண்டு பேருமாக, நான் பக்கத்தில் இருந்து அந்தச் சோற்றையே தின்றிருக்கிறேன், எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது, என்னட்டை ஏனடி சொல்லேல்லை என்று கேட்டேன், உன்ர வாய் நிக்குமே என்றாள் அக்கா, சிரித்தாள், சிரித்தால் ஒரு பக்கம்தான் போகும் அவளுக்கு, அது உண்மைதான், என் வாய் நிற்காது, அடுத்த நாளே அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன், அம்மா கிணற்றைத் தேடியிருப்பாள். அம்மாவுக்குத் தெரியாதா அப்ப என்றேன். அவ ஒரு நாளும் கேக்கேல்லை, நாங்களும் சொல்லேல்லை என்றாள் அக்கா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும், எனக்கோ சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது, நடுத்துண்டு மீன் தெரிகிறது, நீ திரி, கண் மங்கிப்போச்சு என்கிற குரல் கேட்கிறது, ஐயோ அம்மா, ஒவ்வொரு நாளும் ஒரு மீன் துண்டால் நீ எதைச் சொல்லிக்கொண்டிருந்தாய், அவரும் அதை ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லாமல் குனிந்து சாப்பிட்டாரே, அவருக்கும் விளங்கித்தான் இருக்கும், விளங்காமல் இருந்தது நான் ஒருத்திதான்.

எழும்பினேன். யன்னலின் மேலே காற்று வருகிற சின்ன வாய் இருக்கிறது, குளிர் வருகிறது என்று இவர் போன மாரியில் ஒட்டுநாடாவால் அதை அடைத்து வைத்திருந்தார், கதிரையில் ஏறி அதை உரித்தேன், மூடின அறைக்குள் நெருப்பு எங்கள் மூச்சையும் சேர்த்துக் குடிக்கும் என்று ஊரில் அவர் சொல்வார், அந்த வாய்ப்பாட்டில் ஒரு வரியும் நான் மறக்கவில்லை, வெறுத்துக்கொண்டே மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறேன், திரைச்சீலையை இழுத்து முடிச்சுப் போட்டேன், ஹீற்றரைச் சுற்றி இருந்த கதிரைகளைத் தள்ளினேன், பிறகு அலுமாரியைத் திறந்து அம்மாவின் சேலையை எடுத்தேன், முகத்தில் ஒருதரம் வைத்தேன், பல்லால் கரையைக் கடித்து ஒரு கீலம் கிழித்தேன், கிழிகிற சத்தத்துக்கு அக்கா திடுக்கிட்டாள், ஏனடி என்று கேட்கவில்லை, பல்கனிக் கதவைத் திறந்தேன், அவர் திரும்பவில்லை, பெயரில்லாத அந்தக் கலன் அவர் காலடியில் இருந்தது, நாளைக்குக் கராஜுக்கே திரும்பிப் போக வேண்டிய கலன், அத்தான் என்றேன். அந்தச் சொல் துருப்பிடித்த கதவுபோல வந்தது. அவர் என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த துணியைப் பார்த்தார், மாமியின்ர சேலையெல்லே என்றார், கண்ணாடிக்குள் அக்காவைப் பார்த்தார், சொல்லிப்போட்டாளே என்று கேட்டார். ஓம் அத்தான் என்றேன். இரண்டாம் முறை லேசாக வந்தது. கட்டுங்கோ என்று துணியை நீட்டினேன், அவர் வாங்கவில்லை, குளிரில் கை விறைத்துப்போயிருந்தது, உள்ளங்கைகளை அப்போதுதான் பார்த்தேன், ரேகையே இல்லாத இரண்டு உள்ளங்கைகள், நீயே கட்டு பிள்ளை என்றார், ஆரும் அவிழ்க்கேலாமல் கட்டு.

குந்தியிருந்து அந்தக் கலனின் கழுத்தில் கட்டினேன், ஒரு முடிச்சு, அதற்கு மேலே இன்னொரு முடிச்சு, இவர் புதுக் கலனும் ஒரு நெருப்புப்பெட்டியும் கொண்டு வந்தார், இந்த வீட்டுக்குள் வந்த முதல் நெருப்புப்பெட்டி, புதுக் கலனில் எழுதியிருந்ததை நான் பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னேன், வீட்டு ஹீற்றருக்கான எண்ணெய், அத்தான் தலையாட்டினார், பல்கனியிலேயே வைத்து நிதானமாக வார்த்தார், சிந்தின துளியைத் துடைத்தார், ஹீற்றரை உள்ளே கொண்டுவந்து வைத்தார், திரி ஊறட்டும் என்று பொறுத்தார், படுக்கப் போகமுன் நூர்க்க வேணும், எரியேக்கை எண்ணெய் விடக்கூடாது, துணி கட்டினது என்னத்துக்கு என்று அந்த நாளில் கேட்டதுபோலவே கேட்டார், தொடக்கூடாததுக்கு என்று நானும் அக்காவும் ஒன்றாகச் சொன்னோம், நான் நெருப்புப்பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன், வட்டமாக எழும்பியது சுடர், முதலில் மஞ்சளாக, பிறகு அடங்கி நீலமாக, அக்கா போர்வையை ஒவ்வொன்றாகக் கழற்றினாள், விரல் அளவு திறந்த பல்கனிக் கதவு வழியே காற்று வந்துகொண்டிருந்தது, வெளியே அந்தக் கலனின் கழுத்தில் அம்மாவின் பச்சைக்கரை ஒருதரம் எழும்பி மறுபடி ஒட்டிக்கொள்கிறது, நாளைக்கு மீன் வாங்க வேண்டும், நடுத்துண்டு அத்தானுக்கு, ஆடிக்கொண்டிருக்கிறது அந்தத் துணிக்கீலம்.